பதினாலாம் நம்பர் கம்ப்யூட்டர்

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது. தமிழ்நாடே வேளைக்கு நாலு மணி நேரம் இருட்டில் கிடந்த வருஷத்திலும் எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபேன் நின்றதில்லை. வீட்டில் ஒரு கேம் சர்வர் வைத்து நடத்த இதைவிட வசதியான ஊர் கிடையாது. 2013-ல் நான் ஒன்று வைத்தேன்.

கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டுகிற விளையாட்டு அது. அதோடு மாட் என்கிற கூடுதல் ப்ரோக்ராம் ஒன்றைச் சேர்த்தால் விளையாட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர்கள் வரும். அவற்றில் நிஜமாகவே ப்ரோக்ராம் எழுதலாம். ஆமை என்று ஒரு மெஷின் உண்டு, எழுதிக் கொடுத்தபடி தானாக நகர்ந்து மண்ணைத் தோண்டும். ஆமை ஓட நிலக்கரி வேண்டுமா, ஒரு கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு எழுதி வைக்கலாம் என்பதெல்லாம் சர்வரில் இருக்கும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும். அதைத் திருத்துகிறவன் நான். ப்ரோக்ராம் எழுதியவள் என் அக்கா பவித்ரா.

அவள் அளவுக்கு எனக்கு வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்திருந்தாள். நான் பி.எஸ்ஸி.யில் ஐந்து அரியர் வைத்திருந்தேன். சர்வருக்குள் அவள் ஒரு சுரங்கமே கட்டினாள். இருபது ஆமைகள் வரிசையாக மண்ணைச் சீவி, கரியை எடுத்து, பெல்ட்டில் போட்டுக்கொண்டே போகும். அப்பா மைன்ஸில் கன்வேயர் பிரிவு. ஷிப்ட் முடிந்து வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"அம்சவல்லி, இங்க வந்து பாரேன். உம் பொண்ணு மைன்ஸையே வூட்டுக்குக் கொண்டாந்துகினு இருக்குது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நான் ஒரு நாளும் வாங்கியதில்லை. ஆமைக்குக் கரி வேண்டாம் என்று செட்டிங்கை மாற்றச் சொல்லி அக்கா பல தடவை கேட்டாள். "கரி ஊர்ல இருந்துகினு கரி இல்லாம ஓட்டுவியா" என்று கிண்டலடித்து, மாற்றாமலே இருந்தேன். அவள் என்னிடம் கேட்டு நிற்கும்படி இருந்தது அந்த செட்டிங்ஸ் ஃபைல் ஒன்றுதான்.

சர்வருக்கு வெளியிலிருந்து வந்தவன் இளவழகன் மட்டும். அக்காவோடு பாலிடெக்னிக்கில் படித்தவன், குறிஞ்சிப்பாடி. அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் அங்கிருந்தே ஆடுவான். அவன் வேறு சாதி. எங்கள் சொந்தக்காரர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத தெரு. ஃபோனில் ஆண் பெயர் வந்தாலே அம்மா ஆயிரம் கேள்வி கேட்பாள் என்பதால், இரண்டு பேரும் விளையாட்டுக்குள்ளேயே கடிதம் போட்டுக்கொள்ள அக்கா ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தாள். விளையாட்டுக்குள் அவளுடைய கம்ப்யூட்டர் நம்பர் பதினாலு. அதற்குப் பாஸ்வேர்ட் உண்டு. கடிதங்களில் ஆமையைப் பற்றித்தான் பேச்சு. ஆமை எந்த மூலையில் சிக்குகிறது, ஏன் சிக்குகிறது.

"எடம் பத்தலடா விஜி. பழைய லெட்டர்லாம் தானா அழிஞ்சிடுது. கொஞ்சம் ஏத்தி விடேன்" என்றாள் ஒரு நாள்.

அவள் கேட்டதைவிடப் பத்து மடங்கு ஏற்றிவிட்டேன். அன்று அவள் எனக்கு வடலூரில் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள்.

இங்கே ஒரு விஷயம். அந்தப் பாஸ்வேர்ட் விளையாட்டுக்குள் மட்டும்தான் காவல். சர்வரில் பதினாலு என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் எல்லாக் கடிதமும் பூட்டே இல்லாமல் கிடக்கும். திறக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். சர்வர் வைத்திருப்பது தம்பிதானே என்று விட்டுவிட்டாள்.

2014 பிப்ரவரியில் அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. சர்வீஸில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு. ஒருவருக்குத்தான். மற்றவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை வந்தால் குவார்ட்டர்ஸில் இருக்கலாம், பெர்மனென்ட். இந்த ஊரில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

காரியம் முடிந்து அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

"பவி பேருக்கே எழுதிடலாம். அவதான் படிச்சி முடிச்சிருக்குறா. ஒங்கப்பா இருந்தாலும் அதத்தான் சொல்லுவாரு. நீ அரியர முடிக்கிற வழியப் பாரு."

நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன். மறுநாள் அம்மாவும் அக்காவும் சர்ட்டிபிகேட் வாங்க அலைந்துகொண்டிருந்த நேரத்தில் பதினாலாம் ஃபோல்டரைத் திறந்தேன். நான் ஏற்றிவிட்ட இடத்தால் அதற்குப் பிறகு வந்த கடிதம் ஒன்றுகூட அழியாமல் இருந்தது.

அதை அம்மாவிடம் காட்டினேன். ஒரு வாரம் கழித்து, அம்மாவின் அண்ணன் சக்கரபாணி மாமாவும் வீட்டில் இருந்தபோது. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராது, இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை அடிக்க வேண்டும். அம்மாவுக்கு அது படிக்க வராது என்பதால் நான் வாசித்தேன். மாமாவுக்குப் படிக்க வரும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் கூடவே படித்தார். அக்கா இளவழகனுக்கு எழுதியது, கடைசிக் கடிதம்: "வேலை என் பேருக்கு வரட்டும். வந்ததும் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். அதுவரைக்கும் அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

அம்மா அழவில்லை. "அப்பன் செத்து ஈரம் காயல" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா வந்ததும் மாமா கேட்டார். "நான் இத எழுதல மாமா" என்றாள். "ஒம் பொட்டிலதான இருக்குது?" என்றார். அவள் ஸ்க்ரீனை மேலும் கீழும் தள்ளி மொத்தத்தையும் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சர்வர்ல வேற யாராவது பூந்து எழுதியிருக்க முடியுமாடா விஜி?"

என்னைவிட அவளுக்குத்தான் அதற்குப் பதில் தெரியும். இருந்தும் என்னிடம் கேட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"பாஸ்வேர்ட் ஒங்கிட்டதானக்கா இருக்கு" என்றேன்.

 மாமா நீட்டிய ஆட்சேபணை இல்லைக் கடிதத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். மாமா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சிப்பாடி போய்வந்தார். இளவழகனுக்கு வலது கையில் மூன்று இடத்தில் எலும்பு விட்டுப்போனது. இன்றும் விரல்கள் சரியாக மடங்காது என்று கேள்வி. அன்றிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் அக்காவைச் சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருப்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நடந்ததாகச் சொன்ன கதையைச் சொல்லித்தான் கொடுத்தார்கள், பிற்பாடு பிரச்சினை வரக்கூடாதென்று. அதனால் அவளுக்கு இந்த 2018-லும் தனியாக ஒரு ஃபோன் கிடையாது.

நான் இப்போது பெர்மனென்ட். வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. அரியர் அப்படியேதான் இருக்கிறது, அது யாருக்கும் தேவைப்படவில்லை. வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டால் குறையும் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டு வந்தேன், குறையவில்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கடைசி வரிகளை அக்கா எழுதவில்லை. நான் எழுதினேன். அவள் எப்படி அடிப்பாள், எந்த எழுத்தை இரட்டிப்பாள் என்று ஒரு வாரம் பழைய கடிதங்களைப் படித்துப் பார்த்து, அவள் மாதிரியே அடித்தேன். அவர்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. அத்தனை கடிதத்திலும் அப்படி ஒரு சொல் இல்லை.

என் வரிகளை வைக்க, அவள் எழுதியிருந்த ஒன்றை அழித்தேன். அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "வேலை எனக்கு வந்தால் முதல் வேலையா விஜியை நல்ல காலேஜ்ல சேர்க்கணும் இளவழகா. அவனுக்கு அறிவு இருக்கு, யாரும் சொல்லித் தரல. அப்பா இடத்துல இருந்து இனிமே நான்தான் அவனப் பாத்துக்கணும்."

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் அழித்தேன்.

இளவழகனுக்கு நான் செய்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் அக்கா விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பொங்கல் தவறாமல் கரும்பு, வெல்லம், பட்டுப்புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு போகிறேன். அவளும் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறாள். நான்கு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்றாலும், கூடப்பிறந்தவனாக அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை.