லிவர்பூல் பெண்ணுக்காக அழுதவர்

என் வீட்டுக்காரருக்கு ரசம் என்றால் உயிர். மோர் இல்லாமல்கூட எழுந்துவிடுவார், ரசம் இல்லாமல் எழமாட்டார்.

பெயர் தணிகைவேல். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். குடி கிடையாது, என்மேல் கை நீட்டியதும் கிடையாது. அவருடைய ஒரே பைத்தியம் அவர் நடத்துகிற யூடியூப் சேனல். அதிலும் ஒரே வழக்கு. விக்டோரியா ராணி காலத்தில் லிவர்பூலில் புருஷனுக்கு விஷம் வைத்தாள் என்று தூக்குத்தண்டனை பெற்று, பிறகு ஆயுள் கைதியாக அடைபட்ட ஒரு பெண். அவள் செய்யவில்லை என்பது இவர் கட்சி. செய்தாள் என்று கமெண்ட் போடுகிறவர்களோடு சோறு ஆறும்வரை சண்டை பிடிப்பார்.

"அந்தம்மா சொன்னத ஒருத்தன்கூட காதுல வாங்கல" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். நான் பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகரியிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"ஏங்க, அம்மாவுக்கு மூச்சு வாங்குதாம். வண்டிய எடுங்க, போலாம்."

"இரு மே, லைவ் போய்க்கினு இருக்குது. தீர்ப்பச் சொல்லி முடிச்சிடறேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காரியம் முடிந்து திரும்பும்போது புத்தூரில் டீ குடித்தோம். அன்றைய லைவை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. திறக்காத கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனது, அவ்வளவுதான்.

பலமனேரில் என் சித்தப்பா தக்காளிக்கு அடிக்கிற மருந்து. முதல் தடவை கொஞ்சம்தான் கலந்தேன். வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். கண் கூசுது என்று போனைத் தள்ளிவைத்தார். என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "உங்கம்மா கடைசியா உங்கிட்ட இன்னா பேசினாங்க மே?" என்று கேட்டார். சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

இரண்டு நாளில் தேறி உட்கார்ந்தார். போனை சார்ஜில் போடச் சொன்னார். போட்டுவிட்டு ரசம் வைத்தேன்.

அப்படியே போனது. தேறுவார், போனைக் கேட்பார், மறுபடி படுப்பார். ஆஸ்பத்திரியில் அல்சர் என்றார்கள். கஞ்சி ஊட்டினேன், முதுகு துடைத்துவிட்டேன். "நீ இல்லன்னா நான் எப்பவோ செத்திருப்பேன் மே" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதங்கள் அவைதான். போன வியாழக்கிழமை அவர் கண் விழிக்கவில்லை.

அவருடைய வீடியோவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாயா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். அந்த வழக்கை நான் ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை.

இப்போது அவர் சேனலில் என்னைப் பற்றித்தான் சண்டையாம். பாதிப் பேர் நான் செய்திருக்கமாட்டேன் என்கிறார்களாம். செய்தேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள் சார். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. தேறிவிடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.