பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு

– அப்ப அந்த அறிக்கையை எழுதினதே நீங்கதானா?

– ஆமாம்மா. வானிலை ஆபீஸ்ல அன்னைக்கு காலை ட்யூட்டி எனக்கு. ரேடியோவுல படிக்கிறவர் வேற. எழுதிக் கொடுக்கிறது நான்.

– போன்ல பேசினப்ப நரைச்ச தலையா ஒருத்தரை நினைச்சு வெச்சிருந்தேன். உள்ள வாங்க சார். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. கரண்ட் போய் ஒரு மணி நேரமாச்சு. கதவு திறந்தே இருக்கட்டும்.

– தண்ணி மட்டும் கொஞ்சம் கொடுங்கம்மா. பஸ் ஸ்டாப்லேர்ந்து நடந்து வந்தேன்.

– இந்த வெயில்லயா? இருங்க... மெதுவா குடிங்க. ஒரு டம்ளர்தான் வெளிய வெச்சிருக்கேன், மத்ததெல்லாம் மேல ஏத்திட்டேன். இங்க யார் வர்றாங்க? கொழுந்தனார் மாசத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாப்பார், அவ்வளவுதான்.

– அவர் எழுதின புகார் விஷயமாத்தான் வந்தேன்.

– தெரியும். என்கிட்ட கேட்டுத்தான் எழுதினார்.

– இடிமழைக்கு நூத்துக்கு இருபதுதான் வாய்ப்புன்னு நாங்க சொன்னதை நம்பி அவங்க அண்ணன் டவர்ல ஏறி, மின்னல் தாக்கி இறந்துட்டதா எழுதியிருக்கார். ஆனா நான் எழுதினது அறுபதும்மா. இதோ நகல். நாலு மணிக்கு மேல இடிமழை, நூத்துக்கு அறுபது. படிச்சவரும் அறுபதுன்னுதான் படிச்சேன்னு சத்தியம் பண்றார். ஒலிப்பதிவை மாசா மாசம் அழிச்சிடுவாங்களாம். அதனால தாளை நான் அப்புறமா மாத்தியிருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. பத்து மாசமா என்னைப் பழைய பதிவேடு அடுக்குற அறையில போட்டிருக்காங்க.

– பேச்சுத் துணைக்கு ஆள் உண்டா அங்க?

– இல்லம்மா. நானும் அலமாரியும்தான். கேன்டீன்ல என்னைப் பாத்தா மத்தவங்க பேச்சை நிறுத்திடுறாங்க, அதனால சாப்பாட்டையும் அங்கயே வெச்சு முடிச்சிக்கிறேன்.

– இன்னைக்கு மழை வருமா சார்?

– நான் இப்ப வானத்தைப் பாக்கிறதில்லம்மா.

– ம். எங்க வீட்டுக்காரர் பாத்துக்கிட்டே இருப்பார். டவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை இல்லையா, துரு சுரண்டிட்டு உச்சி வரைக்கும் அடிக்கணும். அவருக்குன்னு ஒரு கணக்கு, முப்பதுக்கு மேல சொன்னா ஏற மாட்டார். சூப்பர்வைசர் கத்தினாலும் ஏற மாட்டார். அந்த வாரம் முழுக்க நீங்க ஐம்பது, நாப்பதுன்னு சொல்லிட்டே இருந்தீங்க.

– ஆனா ஒரு சொட்டு விழலை.

– விழலையே. வெயில்தான் மண்டையைப் பிளந்துச்சு. 'மழைக்கு வாய்ப்பு இருக்காம், எனக்குத்தான் வேலைக்கு வாய்ப்பு இல்ல'ன்னு சொல்லிச் சிரிப்பார். ரெண்டாம் நாளோட அந்தச் சிரிப்பும் போச்சு.

– ஒண்ணு சொல்லத்தாம்மா வந்தேன். விசாரணையில இதை நான் சொல்லலை, வீட்டுலயும் சொல்லலை. அன்னைக்கு காலையில நான் முதல்ல எழுதினது எண்பது.

– எண்பதா?

– மேகம் திரள்ற விதம் அப்படி இருந்துச்சு. எனக்கு நல்லாவே தெரிஞ்சது. ஆனா ஒரு வாரமா எழுதினது எதுவும் பலிக்கலை. ஆபீஸ்ல கிண்டல். பக்கத்து வீட்டுக்காரர்கூட குடையை ஆட்டிக் காட்டி, இதை எப்பப்பா விரிக்கிறதுன்னு கேட்டார். இன்னொரு தடவை தப்பாப் போனா என்ன ஆகும்னு பயந்து எண்பதை அடிச்சிட்டு அறுபதுன்னு எழுதினேன்.

– அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?

– ராத்திரியில தூக்கம் வரலைம்மா. நான் குறைச்சேன், படிச்சவர் வாய் தவறி அறுபதை இருபதுன்னு படிச்சிருக்கலாம். ஆனா ஆரம்பிச்சு வெச்சது நான். எண்பதுன்னே விட்டிருந்தா அந்தத் தவறே வந்திருக்காது, அவர் வீட்டுல இருந்திருப்பார். உங்க முகத்தைப் பாத்து அதைச் சொல்லணும்னு தோணுச்சு. நீங்க என்னைத் திட்டினாலும் சரி.

– உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா சார்?

– ஒரு பொண்ணு. மூணு வயசு.

– அவகிட்ட சரியா பேசுறதில்ல, அப்படித்தானே? முகத்துலயே தெரியுது.

– எதுக்கும்மா அதைக் கேக்கிறீங்க?

– அந்தப் புகாரை வாபஸ் வாங்கச் சொல்லிடறேன். அதோட என் கையால எழுதிக் கொடுக்கிறேன், உங்க ஆபீஸ்ல காட்டுங்க. ரேடியோவுல அறுபதுன்னுதான் சொன்னாங்க. யாரும் வாய் தவறலை.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– சமையலறையில நின்னு என் காதால கேட்டேன்.

– அப்ப அவர்?

– அவர் பின்னாடி குழாயடியில முகம் மழிச்சிட்டு இருந்தார். தண்ணிச் சத்தத்துல அவருக்குக் கேக்கலை. எவ்வளவு சொல்றாங்கன்னு அங்கேர்ந்தே கேட்டார். நான்தான் இருபதுன்னு சொன்னேன்.

– ஏம்மா?

– எட்டு நாள் சார். எட்டு நாளா வேலை இல்லாம, எந்த அறைக்குப் போனாலும் பின்னாலயே வந்து, அரிசி களையறதுல இருந்து துணி உலர்த்துறது வரைக்கும் குறை சொல்லிக்கிட்டு... கோபம்னு சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள் இந்த வீட்டுல நான் தனியா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு.