சூரனுக்குக் காய்ச்சின அதிமதுரம்

இல்ல மொதலாளி, ஒங்க அதிமதுர வேருல பழுது ஒண்ணும் இல்ல. அத நான் சொல்ல வரல. கடையில ஆள் இல்லாத நேரமா பாத்துத்தான் வந்தேன், செத்த கேளுங்க.

எங்க சூரனுக்கு வயிறு கெட்டுப்போயி வந்தேனே, ஞாபகம் இருக்கா? ஆமா, அந்தச் செவல நாயிதான். தின்னதையெல்லாம் கக்கிக்கிட்டு, வயித்தால போயிக்கிட்டு கெடந்திச்சி. நீங்கதான் அதிமதுரத்தத் தட்டிக் காய்ச்சி, ஆறவச்சி, கஞ்சியில கொஞ்சமா ஊத்தச் சொன்னீங்க. அளவு கூடிப்போனா இன்னும் வயித்தால போகும்னும் சொன்னீங்க. நான் கரண்டியால அளந்துதான் ஊத்தினேன். புள்ள குட்டி இல்லாத வீடு மொதலாளி. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே.

ஆனா எங்க கொறஞ்சிச்சி? கூடிக்கிட்டே போச்சி. சரி, வேருதான் ஒத்துக்கலன்னு நிப்பாட்டிட்டேன். ஒரு வாரமா வெறுங்கஞ்சிதான். அப்பயும் சாயங்காலம் வாசல்ல கக்குது. கிட்டப்போயி பாக்குறேன், அதிமதுர நாரு! அதே இனிப்பு வாசம். நான் குடுக்கலன்னா வேற யாரு குடுக்குறா?

பகல்லயா? பகல்ல அவருகூடத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரருக்குக் தோட்டத்துக் கீழ் டிவிசன்ல தண்ணிக் குழாய் பாக்குற வேலை. காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறப்பவே பின்னால ஓடும், அவரு வர்றப்பதான் வரும். கேட்டதுக்கு, நான் ஒண்ணுமே குடுக்குறதில்லன்னு சத்தியம் பண்ணாரு. நம்புனேன். அவரு சொல்லி நான் எத நம்பாம இருந்தேன்?

நேத்து கொழுந்து பறிக்கப் போகாம அங்க எறங்கிப் போனேன். கடைசி லய வரிசையில ஒரு வீட்டு வாசல்ல சூரன் ராசா கணக்கா படுத்துக் கெடக்கு. என்னயப் பாத்து வாலக்கூட ஆட்டல, பாவி நாயி. உள்ளருந்து ஒரு பொம்பள கோப்பையோட வர்றா. என்னவிட எளசு.

சண்டையா? எப்புடிப் போடுறது? நான் யாருன்னே அந்தப் புள்ளைக்குத் தெரியாதே. மழை வருது, உள்ள வாங்கக்கான்னு கூப்புட்டு தேத்தண்ணி ஊத்திக் குடுத்திச்சி. இது ஒங்க நாயான்னு கேட்டேன். ஆமாவாம். அங்க அதுக்கு டைகர்னு பேராம். வயிறு சரியில்ல, அதிமதுரத்தத் தட்டிக் காய்ச்சி ஆறவச்சி ஊத்தச் சொல்லி எங்க வீட்டுக்காரரு வாங்கியாந்தாருங்குது. நான் அவருக்குச் சொன்ன பக்குவம், ஒரு சொல்லு மாறல! ரெண்டு வீட்டுலயும் தின்னு, ரெண்டு அடுப்புலயும் காய்ச்சினதக் குடிச்சா நாயி வயிறு தாங்குமா?

சுவத்துல படம் மாட்டியிருந்திச்சி. அவரும் அவளும், மாலையும் கழுத்துமா.

அழல மொதலாளி. தேத்தண்ணியக் குடிச்சிட்டுத்தான் வந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மஸ்கெலியா டவுனுல அவரு இந்த வேரு வாங்க ஒங்ககிட்டத்தானே வருவாரு. ரெண்டாவது பொட்டலம் யாருக்குன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையா?

ஏன் தலையக் குனியிறீங்க? அப்ப ஒங்களுக்கும் தெரியுமா?