வண்டிக்குத் தீபாவளி

காருக்கு எஞ்சின் எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இத்தனை மைல் ஓடினால் மாற்று என்பான் ஒருவன். கறுத்தால் மாற்று என்பான் இன்னொருவன். எங்கள் வீட்டில் அந்தக் குழப்பமே கிடையாது. தீபாவளிக்குத் தீபாவளி. விடியற்காலையில் முதலில் நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். பிறகு என் தம்பி நாகமுத்து, பிறகு வீட்டுப் பெண்கள், கடைசியில் வண்டி. சிரிக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சிரியுங்கள். நீங்கள் பாகூருக்குப் புதிது. என் கையில் இருக்கும் இந்தக் காயத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கும் வருகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம் ஒரு துரை தன் கறுப்புக் காரை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். வாங்கியவன் நான், பெரிய வீட்டுச் சம்மந்தம். அது எங்கள் வாசலுக்கு வந்து நின்றது தீபாவளியன்று காலை. என் அம்மா கிண்ணத்தில் மீதியிருந்த நல்லெண்ணெயை மூன்று விரலால் தொட்டு அதன் மூக்கில் வைத்தார். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று விசாரித்தார். நாகமுத்து அடியில் புகுந்து துரையின் பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதியது ஊற்றினான். ஊரே கூடி நின்று பார்த்தது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளைக்கு வீட்டு வழக்கம் உண்டுதானே.

துக்கம் விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை இல்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்றவர்கள் பெற்றவர்களுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் செய்வதை நாங்கள் பங்காளிகள் அத்தனை பேருக்கும் செய்வோம். வித்தியாசம் அவ்வளவே.

மேலத்தெரு சுப்புராயனைப் பார்த்திருப்பீர்கள். அவர் தாத்தா காலத்தில், துக்க வருஷத்துத் தீபாவளியன்று கதவைச் சாத்திக்கொண்டு வடை சுட்டார்கள். கதவைச் சாத்தலாம், வாசனையைச் சாத்த முடியுமா. இன்றுவரை அது வடை வீடு. போன மாதம் அவர் மகளைப் பெண் பார்க்க வில்லியனூரிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "வடை வீடு எந்தப் பக்கம்?" என்றுதான் வழி கேட்டார்கள். பெண்ணின் பெயர்கூட அவர்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரு தட்டு வடைக்கு மூன்று தலைமுறை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

வண்டி வந்த மறுவருஷம் அம்மா போனார். தீபாவளி இல்லை, எண்ணெய் மாற்றவில்லை. அதற்கு அடுத்தது பெரியப்பா மகன். மாற்றவில்லை. நாகமுத்து எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி என் மூக்குக்கு நேரே காட்டினான்.

"எண்ணெயாண்ணே இது? ரோடு போடலாம்."

"துக்கம், தம்பி."

"துக்கம் நமக்குண்ணே. எஞ்சினுக்கு இன்னா?"

அவன் அப்படித்தான். பட்டுச் சட்டை, வாசனை பவுடர், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சாவு வீட்டில்கூட ஓரமாக நின்று யாரையாவது சிரிக்க வைத்துவிடுவான். என் கண்ணுக்குக் கண்ணானவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் துக்கமெல்லாம் தீர்ந்தது. நாகமுத்து புது எண்ணெய் டின்னை வாங்கி, பொட்டு வைத்துக் கொட்டகையில் வைத்திருந்தான். பண்டிகைக்கு முதல் நாள் சைகோனிலிருந்து தந்தி வந்தது.

"செத்தவரு யாருண்ணே?"

"நம்ம கொள்ளுத் தாத்தாவோட தம்பி பேரன்."

"நம்ம அவரைப் பாத்திருக்கமா?"

"இல்லை."

"அவருக்கு நம்ம ஒரு கார் வச்சிருக்கறது தெரியுமா?"

"தெரியாது."

"டின்னைத் திறந்துட்டேண்ணே."

"மூடு."

மூடினான். அந்த வருஷம் முழுவதும் வண்டி இருமியது. ஏரிக்கரையில் ஏறும்போது இருமும், கடைத்தெருவில் இருமும், பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது நின்று நிதானமாக இருமும். கடைத்தெருப் பையன்கள் அதற்குச் சுக்குக் கஷாயம் வேண்டுமா என்று கேட்டார்கள். நான் பொருட்படுத்தவில்லை. இந்த ஐப்பசியோடு சைகோன் துக்கம் முடிகிறது. தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை. யாராக இருந்தாலும் பொறுத்திருப்பார்கள்.

நாகமுத்து பொறுக்கவில்லை. அவன் மனைவி சிந்தாமணிக்குக் கடலூரில் சேலை எடுக்கப் போக வேண்டுமாம். நான் கழனிக்குப் போன சமயம் பார்த்து, எதிர்க் கடை உதுமான் பாயைத் துணைக்குக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டான். பழைய எண்ணெயைப் பாய் கறையானுக்கு நல்லது என்று தன் வேலியோரம் கொட்டிக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. இருமவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கம்பியை உருவினேன். தேன் மாதிரி இருந்தது.

துக்கம் நடக்கும் வீட்டில் புது எண்ணெய்.

நான் சத்தம் போடவில்லை. மத்தியானம் எல்லோரும் கண் அசந்த பிறகு, ஒரு அண்டாவை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். என் முதுகு இந்த வயதுவரை யாருக்கும் வளைந்ததில்லை. அன்று வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். மல்லாந்தால் வளைந்ததாகாது. அடியில் இருந்த திருகாணியைக் கழற்றியதும் எண்ணெய் என் முழங்கை வழியாக இறங்கிக் காதுக்குள் போய், கழுத்தைச் சுற்றி மார்புக்கு வந்தது. துக்கத்தில் எனக்கே எண்ணெய்க் குளியல் நடந்துகொண்டிருந்தது. எனக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது, மறைப்பானேன். அண்டாவை எருக்குழியில் கவிழ்த்தேன். திருகாணியை முடுக்கினேன். பழைய எண்ணெய் வேலியில், புதியது எருக்குழியில். தீபாவளிவரை வண்டி வெறும் வயிற்றோடு விரதம் இருக்கட்டும் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். கிணற்றடிக்குப் போகும்போது சிந்தாமணி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாகமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்துக்கினு இருக்காங்க. சைகோன்காரரா பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சட்டை நனைந்துவிட்டது. உதடு வெளுத்துவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எனக்கும் தெரிந்தது.

"மாமா, கடைத்தெருவில பஸ்ஸு நிக்குது" என்றாள் சிந்தாமணி.

"வூட்டுல கார் இருக்கும்போதா?"

"கார்ல தான் எண்…" என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நானே ஓட்டினேன். எனக்கு வண்டி முன்னால் ஓட்டத் தெரியும். பின்னால் எடுக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விரும்பியதில்லை. கிளப்பியதுமே பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த மாதிரி சத்தம். உதுமான் பாய் கடையிலிருந்து குதித்து ஓடி வந்து, பானெட்டைத் தூக்கிக் கம்பியை உருவினார்.

"பெரியவரே, ஒரு சொட்டு இல்ல. நேத்து நானும் சின்னவரும்தான ஊத்தினோம், எங்க போச்சு? நிறுத்துங்க, கடையில இன்னொரு டின்னு இருக்கு, ஒரு நொடியில ஊத்திடறேன்."

பாய்க்கு உரத்த குரல். கடைத்தெரு முழுவதும் திரும்பியது. கூட்டத்தில் சுப்புராயன் நின்றிருந்தார், மூன்று தலைமுறை வடை வீட்டுக்காரர்.

"நேத்தா?" என்றார் மெதுவாக. "துக்கம் இன்னும் முடியலையே, சம்மந்தம்?"

அவர் உதட்டோரத்தில் 'எண்ணெய் வீடு' என்ற பெயர் தயாராவதை என் கண்ணால் பார்த்தேன். பாய் டின்னோடு ஓடி வந்து மூடியைத் திறந்துவிட்டார். அவர் ஊற்றியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். ஊர் பார்க்க, துக்கத்தில், எங்கள் வாசலில் ஊற்றியதாகவும் ஆகியிருக்கும்.

"பாய்க்கு ஞாபக மறதி" என்றேன். "எங்க வூட்டு வண்டிக்கு யாரும் எண்ணெய் ஊத்தல. தீபாவளிக்குத்தான் ஊத்துவோம். நகருங்க."

நகர்ந்தார்கள். என் குரலுக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது.

அந்தப் பயணத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எஞ்சின் பம்பை அடித்தது, பிறகு உடுக்கை, பிறகு இரண்டும் சேர்ந்து. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சாமி ஊர்வலம் வருகிறது என்று நினைத்து வழியில் ஒரு வீட்டில் தட்டில் கற்பூரத்தோடு வந்து நின்றார்கள். பின் சீட்டில் சிந்தாமணியின் மடியில் தலை வைத்திருந்த நாகமுத்து அதைப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கும்பிட்டுக்கோங்கண்ணே, நமக்குத்தான்" என்று சிரித்தான். ஏரிக்கரையில் ஏறியதும் பானெட்டுக்குள் ஒரு முனகல், ஒரு கிறீச்சு. வண்டி அப்படியே இறுகி நின்றது.

கரையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர். பின்னாலேயே பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. நல்லவாடு குப்பத்து மீன்காரப் பெண்கள் ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டினார்கள்.

"இன்னா பெரியவரே, காருக்குப் பசியா?" என்றாள் குப்பு என்கிற ஒருத்தி.

கண்டக்டர் ராமு ஓடி வந்து உள்ளே பார்த்தான். "அய்யோ, சின்னவரா. கொடுங்க, பஸ்ஸுல ஏத்திக்கலாம். உங்க வண்டியைத் தண்ணியில தள்ளிட்டா நாங்க போயிடுவோம்."

"தண்ணியில தள்ள வுடமாட்டேன்" என்றேன்.

அதனால் மதகுவரை தள்ளினார்கள். அங்கே பாதை அகலம். மீன்காரப் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்ட ஒருவர், எல்லோரும் தேர் இழுப்பது போலக் கூச்சல் போட்டுத் தள்ளினார்கள். நான் முதுகு நேராக உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். நாகமுத்து மெல்லக் கேட்டான்.

"எண்ணெய எடுத்தது நீங்கதானண்ணே?"

"ஆமாம்."

அவன் சிரித்த சிரிப்பில் தள்ளிக்கொண்டிருந்தவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்போது அவனுக்கு மூச்சு பாதியாகிவிட்டது.

மதகில் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ராமு காரின் பின் கதவைத் திறக்க வந்தான். மறுபக்கக் கதவு மதகுச் சுவரை ஒட்டியிருந்தது. நான் இறங்கிப் போய் அந்தக் கதவில் கையை வைத்து நின்றேன்.

"நம்ம வூட்டு ஆம்பளை மீன் கூடைங்களுக்கு நடுவுல போறதா?"

"கூடையை எல்லாம் ஏரியில கொட்டறேன்யா, கதவை வுடு" என்றாள் குப்பு. அவள் இப்போது சிரிக்கவில்லை.

நாகமுத்து ஜன்னல் வழியாக என் விரல்களைத் தொட்டான். என்னை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும்.

"அண்ணே, நான் செத்தா தீட்டு. இந்தத் தீபாவளியும் போயிடும். வண்டிக்கு இன்னொரு வருஷம் எண்ணெய் இல்ல. வண்டிக்காகவாவது என்னை பஸ்ஸுல ஏத்துங்க."

நியாயமான பேச்சு. நான் யோசித்தேன். பஸ்ஸில் ஏற்றினால் என் வண்டி ஓடாது என்று ஊருக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் ஓடவில்லை என்று கேட்பார்கள். எண்ணெய் ஏன் இல்லை என்று கேட்பார்கள். இருந்த எண்ணெய் எப்போது வந்தது என்று சுப்புராயன் கேட்பார். நான் யோசித்து முடிப்பதற்குள் சிந்தாமணி என் கையைக் கடித்தாள். நீங்கள் கேட்ட காயம் அதுதான். அப்போதும் நான் கையை எடுக்கவில்லை. பெரிய வீட்டு ஆள் என்று மற்றவர்கள் என்னைத் தொடத் தயங்கினார்கள். அவர்கள் தயங்கி முடித்தபோது அவன் போய்விட்டான்.

உதுமான் பாய் சொன்னது உண்மை. சிந்தாமணி சொன்னதும் உண்மை. எண்ணெயை இறக்கியவன் நான். ஊற்ற விடாதவன் நான். கதவைப் பிடித்தவனும் நான்தான். பஸ்ஸில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பான் என்று எனக்கு அப்போதே தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். அவன் எங்கள் வீட்டு வண்டியிலேயே போனான். நேற்றுவரை பாகூரில் யாரும் எங்களை எண்ணெய் வீடு என்று சொல்லவில்லை, விசாரித்துப் பாருங்கள்.

வண்டியை உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன், ஒரு கான்ஸ்டபிள் கையில் டின்னோடு அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நல்ல மனசுதான். தயவுசெய்து அவரைத் தடுத்து நிறுத்துங்கள், ஐயா. கூடப் பிறந்தவன் போயிருக்கிறான். இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை.