நாசகாரிக் கப்பலின் முன்னறை

"அந்தக் கப்பலின்ர பத்திரத்தைக் காட்டுங்கோ, அண்ணை."

இதை மட்டும் முதலாளி கிருஷ்ணமூர்த்தியிடம் கேட்காதே என்று யார்டில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். போன தை மாதம், மாலை ஏழு மணி, நல்ல இருட்டு. ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு தெரு போகிறது... ஒரு வீடுகூடக் கிடையாது. அதன் முடிவில்தான் அவருடைய பழைய இரும்பு யார்ட்.

கிட்ட வந்து உட்காருங்கள். இது என் தோழி லக்சிகாவின் தம்பி, அங்கே இரும்பு வெட்டும் ரஜிதனுக்கு நடந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் பிரான்ஸ் கட்டிய நாசகாரிப் போர்க்கப்பல்கள்... பூராஸ்க் வகுப்பு. ஒல்லி உடம்பு, மூன்று புகைபோக்கி. அப்படி ஒன்றின் முன்பகுதியைக் கடலடியிலிருந்து யாரோ களவாக இந்த யார்டுக்கு இழுத்து வந்திருந்தார்கள். அணுகுண்டுக்கு முன் உருக்கிய இரும்பில் கதிர்வீச்சுக் கறை இல்லை. ஆய்வுகூடங்கள் தேடி வாங்கும். ஆனால் ஆட்களோடு மூழ்கிய கப்பல் கல்லறை. தொடக்கூடாது.

"பத்திரமோ?" அவர் சிரித்தார். "உன்ர கொப்பர் இஞ்ச இருபது வருசம் இரும்பு தூக்கினவர். ஒண்டும் கேட்டதில்லை. நீ படிச்சு இஞ்சினியராய் வந்திட்டாய், வாயும் வந்திட்டுது."

"அப்பா கேக்காததுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன்."

கொட்டகையிலிருந்து ரஜிதன் கூப்பிட்டான். குரல் சரியில்லை.

மூடிய அறையை வெட்டுமுன் சுத்தியலால் மூன்று தரம் தட்டிக் காதை வைப்பார்கள். தண்ணீரா, சேறா, வெறுமையா... ஒலியில் தெரியும். ரஜிதன் தட்டியிருக்கிறான். டங்... டங்... டங். உள்ளேயிருந்தும் மூன்று.

"அக்கா, உள்ள ஆக்கள் இருக்கினம்."

"தண்ணி ஆடுது. வெட்டடா," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "இல்லாட்டி உன்ர விசாக் கடிதத்தில ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"வெட்டாதை, ரஜி!"

அவன் என்னைப் பார்த்தான். கேஸ் கட்டரைப் பற்றவைத்தான்.

சதுரத் தகடு உள்ளே விழுந்தது... விழுந்த சத்தம் கேட்கவில்லை. யாரோ ஏந்திக்கொண்டது போல. கருகிய எண்ணெய் வாடை. பிறகு, இறைச்சி பொசுங்கும் வாடை.

விளக்கோடு கையை உள்ளே விட்டான். இழுபட்டான். தோள்வரை. நெற்றி இரும்பில் மோதி வெடித்தது. நான் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். உள்ளே இழுத்தது ஒருவரல்ல... பலர். கரும்பு முறிகிற சத்தம். என் மேல் வந்து விழுந்தான். வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. இரத்தம் என் வாய்க்குள் போனது. சூடாக.

பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினேன். அம்புலன்ஸ் வந்தது. உயிர் இருந்தது. "கை எங்கே? கிடைத்தால் தைக்கலாம்," என்று கத்தினார்கள்.

போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். வெறும் அறை. காய்ந்த அறை. மூன்று மீட்டர் தள்ளி, எதிர்ச் சுவரில் ஓர் இரும்புக் கதவு, அதில் வட்டப்பிடி. ரஜிதனின் கை அதைப் பற்றியிருந்தது. விரல்கள் வெளுத்து... அழுத்திக்கொண்டு.

பிடி சுற்றிக்கொண்டிருந்தது.

படம் எடுத்தேன். அந்தக் கை இல்லாமலே அம்புலன்ஸ் ரஜிதனைக் கொண்டுபோனது.

கிருஷ்ணமூர்த்தி குழாயால் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "மெஷின் இழுத்தது எண்டு எழுதி வை. நாளைக்கு மற்ற வெட்டுக்காரன் நித்தியானந்தன் மிச்சத்தை வெட்டுவான்."

பேனாவை நீட்டினார். அதைத் தட்டிவிட்டு, பொலிஸ் நிலையம் இருக்கும் பக்கமாக நடந்தேன். பின்னால் என்னைத் தூஷணத்தில் திட்டிக் கத்தினார். திரும்பவில்லை.

இரும்புக் கதவு திறக்கும் சத்தம். கத்தல் பாதியில் நின்றது.

அப்போதும் திரும்பவில்லை.