ஏழாவது டேக்

மணி ஏழே கால் இருக்கும். நடுநிசி எல்லாம் இல்லை. பேய் வருவதற்குப் பன்னிரண்டு மணி அடிக்க வேண்டும் என்பது எவனோ கட்டிவிட்ட கதை... ராத்திரி ஏழே கால், அவ்வளவுதான். கொள்ளிடத்தின் வடகரை ரோடு. லால்குடிப் பக்கத்திலிருந்து டோல்கேட்டுக்கு வருகிற குறுக்கு வழி. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வாழைத்தோப்பு. விளக்குக் கம்பம் வரிசையாக இருக்கும், எதிலும் விளக்கு எரியாது. அந்த ரோட்டில் தனியாக ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள் வைஜயந்தி.

வைஜயந்தி என் சிநேகிதி ஜாஹ்னவியின் அத்தை. ஜாஹ்னவிக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் முதலில் அவளே சிரித்துவிடுவாள். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

பைக்குள் போன் அடித்தது. பவுனம்மாள். அவள் வீட்டிலிருந்து கிளம்பிக் கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. குடையை மறந்து வைத்துவிட்டோமோ என்று வண்டியை ஓரம் கட்டினாள் வைஜயந்தி. அந்தப் போனில் என்ன கேட்டாள் என்பதற்கு முன்னால், கேசட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு அடையவளஞ்சான் வீதியில், இரண்டாவது மாடியில் வைஜயந்தியின் ஃப்ளாட். வீட்டுக்காரருக்கு ஹைதராபாதில் வேலை. இவள் வீட்டிலேயே பழைய வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருவாள். கல்யாணம், பூணூல், சீமந்தம்... பாதிப் பேர் அதில் பரமபதம் போயிருப்பார்கள். பூஞ்சை பிடித்த கேசட்டைப் பிரித்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து உயிர் கொடுக்கிற வேலை. "செத்தவாளோடதான் எனக்குப் பொழுது போறது" என்று அவளே கேலி பேசுவாள். இப்போது பேசுவதில்லை.

ஒரு நாள் பவுனம்மாள் வந்தாள். ஐம்பத்தைந்து வயது. நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. மடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து நீட்டினாள். கேசட்டின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது: சாம்பல் கிரகம், 13.

பார்த்ததுமே வைஜயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் கேசட் கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த விண்வெளித் தொடர் அது! சௌரிராஜன் என்று ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார், இதே ஸ்ரீரங்கத்துக்காரர், கைக்காசைப் போட்டு எடுத்தது. எந்தச் சேனலும் வாங்கவில்லை. அவரே கேசட் போட்டுக் கடை கடையாகக் கொடுத்தார். கொள்ளிடம் மணல்தான் வேற்றுக் கிரகம். ராக்கெட் தெர்மாகோல், அதன் கதவு குக்கர் மூடி. உடை முழுக்க ஜிகினாத் தாள். தலைக்கவசம் என்ன தெரியுமா? டீக்கடையில் பன் போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பாட்டில். அடியை அறுத்துவிட்டுத் தலையில் கவிழ்த்து, கழுத்தைச் சுற்றிப் பேக்கிங் டேப். மூச்சு விட்டால் உள்ளே ஆவி படியும். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பன்னிரண்டு பாகம்தான் வந்தது. பதிமூன்றாவது வரவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு இதுல நடிச்சாரும்மா" என்றாள் பவுனம்மாள். வைஜயந்தியின் சிரிப்பு நின்றது.

மணல் லாரியில் லோடு ஏற்றுகிற மருதை. ஆற்றங்கரையில் வாட்டசாட்டமாக நின்றவரைப் பார்த்து வாத்தியார் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார். கடைசிப் பாகம் எடுத்த அன்றைக்கு மருதை ஆற்றுக்குள் நடந்து போனார்... மணல் அள்ளிய குழி ஒன்று, மேலே தண்ணீர் கட்டி நின்றது, அதில் இறங்கிவிட்டார். நான்கு நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. இருபத்தேழு வருஷம் ஆகிறது.

"தொறையூர்ல கட்டிக்குடுத்திருக்கேனே, எம்மக கலைமதி, திதி குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. தாலியக் கழட்டச் சொல்றாங்கம்மா ஊருல. நான் மாட்டேன்னுட்டேன். அவரு சொல்லிட்டுப் போனவரு. போறப்ப என்னையப் பாத்து என்னமோ சொன்னாரு. நான் கரையில புள்ளையோட நின்னேன், காத்துல கேக்கல. அந்த பாட்டிலுக்குள்ள வாய் மட்டும் அசைஞ்சுது." பவுனம்மாள் கேசட்டைத் தடவினாள். "வாத்தியாரு போன மாசம் தவறிட்டாரு. அவரு புள்ள வீட்டை ஒழிக்கையில இது கெடைச்சுச்சுன்னு கொண்டாந்து குடுத்தாரு. எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லும்மா. 'போயிட்டு வரேன்'னு சொல்லியிருந்தா நான் காத்திருக்கேன். இல்லேன்னா... அவுத்து வச்சுர்றேன்."

மறுநாள் மத்தியானம் வைஜயந்தி கேசட்டைப் போட்டாள். க்ளக். ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல். கேமராவிலிருந்து நேராக வந்த கேசட், வெட்டி ஒட்டாதது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தார்கள். பளபளவென்று மருதை நிற்கிறார். மற்றவர்கள் பூமிக்குத் திரும்புவதற்காக, தான் மட்டும் அந்தக் கிரகத்திலேயே தங்கிவிடுகிற வீரன். ஒரே வசனம்: "நான் போகிறேன்."

முதல் டேக். பாட்டிலுக்குள் கும்மென்று குரல்: "போயிட்டு வரேன்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து சௌரிராஜன் கத்துகிறார். "யோவ் மருதை! உலகத்தை விட்டே போற ஆளு 'போயிட்டு வரேன்'னா எப்படிய்யா? 'போகிறேன்'னு சொல்லு!"

இரண்டாவது. "போயிட்டு வரேன்." மூன்றாவது. "போயிட்டு வரேன்."

"நாக்கு வரல சார். வீட்டை விட்டுக் கடைக்குப் போனாக்கூட அப்படிச் சொல்ல மாட்டோம். பொண்டாட்டி புள்ள பாத்துக்கிட்டு நிக்குது சார்..."

ஆறு டேக். ஆறிலும் அதேதான். ஏழாவதில் மருதை கண்ணை மூடிக்கொண்டார். பாட்டில் முழுக்க ஆவி. "நான்... போகிறேன்."

திரும்பி நடந்தார். கொஞ்சம் தூரம். இன்னும் கொஞ்சம். பிறகு ஆள் இல்லை. சத்தமே இல்லை. வெறும் மணலும் தண்ணீரும் அப்படியே நாற்பது விநாடி... பிறகு கைதட்டல். "ஓகே! பிரமாதம்! மறைஞ்சான் பாரு, ஒரிஜினலா மறைஞ்சான்!" என்று சௌரிராஜனின் சந்தோஷக் குரல்.

வைஜயந்தி டிவியை அணைத்துவிட்டு அழுதாள். இதைக் கொண்டுபோய் அந்த மனுஷியிடம் எப்படிக் கொடுப்பது? ராத்திரி முழுக்க யோசித்தாள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தாள், அதை மறந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆறாவது டேக்கின் குரலை எடுத்து ஏழாவது டேக்கில் ஒட்டிவிட்டாள். ஆவி படிந்த பாட்டிலுக்குள் வாயசைவு யாருக்குத் தெரியப்போகிறது? ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்னச் சத்தம் விழுந்தது. டிக்... போயிட்டு வரேன். அந்த டிக்கை எடுக்கத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். போகவே இல்லை.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ... அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு எழுந்து உள்ளே போனாள். முதுகுக்குப் பின்னால், டிக்... போயிட்டு வரேன்.

"ம்... போயிட்டு வாங்கோ" என்றாள்.

பழக்கதோஷம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நம் ஊரில் யார் சொல்லிக்கொண்டாலும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாயில் வருகிற பதில் அது. பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். திரையில் மருதை நடந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். எப்போது நிறுத்தினோம் என்று தெரியாமல் கம்ப்யூட்டரைத் தட்டினாள். அப்புறம்தான் அவர் திரும்பி நடந்தார்.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு அவள் பவுனம்மாள் வீட்டுக்குப் போனது அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். டிவியில் சொருகினாள். பவுனம்மாள் முகம் கழுவி, குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்று புருஷனை வழியனுப்புகிற மாதிரி டிவிக்கு முன்னால் நின்றாள்.

டிக்... போயிட்டு வரேன்.

பவுனம்மாள் தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்றாள், அக்கரைக்குக் கேட்கிற மாதிரி. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இருவத்தேழு வருசமா இந்த ஒரு சொல்லு தொண்டையிலயே நின்னுச்சும்மா."

வைஜயந்திக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய்யாவது, மெய்யாவது... ஒரு ஜீவன் நிம்மதியாகத் தூங்கினால் போதாதா? காப்பி குடித்துவிட்டு, ஏழு மணிக்குக் கிளம்பினாள்.

ஏழே காலுக்குத்தான் அந்தப் போன்.

"வந்துட்டாரும்மா!" பவுனம்மாளின் குரலில் பயமே இல்லை, கல்யாணப் பெண் குரல் மாதிரி இருந்தது. "நீங்க அந்தாண்ட போனீங்க, இவரு இந்தாண்ட வந்துட்டாரு. மேலெல்லாம் ஈரம். வீடு பூரா மணலு."

வைஜயந்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆனா ஒக்கார மாட்டேங்கிறாரும்மா. அந்த பாட்டிலக் கழட்டலாம்னு பாத்தா டேப்பு வர மாட்டேங்குது. உள்ள தண்ணி நிக்குது... கழுத்து வரைக்கும் இல்ல, தலை முங்க நிக்குது. ஒண்ணே ஒண்ணைத்தான் சொல்றாரு. இந்தா, கேளுங்க."

போனில் கொஞ்ச நேரம் தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி... டிக். போயிட்டு வரேன்.

அந்த டிக். அது இவள் வீட்டுக் கம்ப்யூட்டரில், இவள் கையால் விழுந்த டிக். மருதை என்கிற மனுஷன் வாயில் அது எப்படி வரும்?

"இப்பத்தான வந்தீங்க, எங்க போறீங்கன்னு கேட்டேன். ரோட்டுப் பக்கம் கையைக் காட்டுறாரு. நீங்க போன பக்கம்" என்றாள் பவுனம்மாள். கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள். "ஏம்மா... நீங்களும் வாங்கன்னு சொன்னீங்களா?"

பால் பொங்கிய அன்றைக்குச் சொன்னது வைஜயந்திக்கு நினைவு வந்தது. பவுனம்மாள் போனைக் கீழே வைக்காமலே யாரிடமோ சொன்னாள்: "சரி, போயிட்டு வாங்க. சீக்கிரம் வந்துருங்க." கதவுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

வண்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. டோல்கேட்டில் அத்தனை லாரி, அத்தனை வெளிச்சம், அப்போதுகூட அந்த வாடை விடவில்லை. ஈர மணல் வாடை, அதோடு பேக்கிங் டேப்பின் பசை வாடை. கொள்ளிடம் பாலத்தில் அவள் கீழே பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, பூட்டையும் போட்டாள்.

எட்டு மணி. எதிர் ஃப்ளாட்டில் டிவி சீரியல் ஓடுகிறது. தெருவில் ஆட்டோ ஹாரன். அதற்கு நடுவே மாடிப்படியில்... சரக். சரக். ஜிகினாத் தாள் உரசுகிற சத்தம். நிதானமாக, ஒவ்வொரு படியாக. கதவுக்கு வெளியே நின்றது. கதவுக்கு அடியில் ஒரு கோடாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

டிக். போயிட்டு வரேன்.

அவள் உதடு பிரிந்துவிட்டது. 'வாங்கோ' நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வாங்கோ என்றால் போவார்... போய்விட்டுத் திரும்பி வருவார். ஆயுசு முழுக்க வருவார்.

டிக். போயிட்டு வரேன்.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. போங்கோ என்று சொல்லிவிட்டால்? நாம் யாரையும் அப்படிச் சொல்லி அனுப்புவதில்லை. சொன்னால் முடிந்தது. கையை எடுத்தாள். வாயைத் திறந்தாள்... போன் அடித்தது. பவுனம்மாள்.

"வந்து சேந்துட்டாராம்மா? அவருக்குக் கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன். ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லி அனுப்பி விட்டுரும்மா. நீ சொன்னாத்தான் கெளம்புவாரு." அழ ஆரம்பித்துவிட்டாள். "வாய் தவறிக்கூட 'போங்க'ன்னு சொல்லிராதம்மா. உனக்குப் புண்ணியமா போவும். இருவத்தேழு வருசம்மா..."

வைஜயந்தி அதையும் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை.

அதெல்லாம் ஆகி எட்டு மாதம் ஆகிறது. அத்தை இப்போது கேசட் வேலை செய்வதில்லை. வீட்டை விட்டு வெளியே வருவதும் இல்லை. காய்கறி, பால் எல்லாம் பின்பக்கப் பால்கனி வழியாகக் கயிற்றில் கூடை கட்டி இறக்கித்தான். வாசல் பக்கம் ஏன் போவதில்லை என்று எதிர் வீட்டார் கேட்டால் மழுப்பிவிடுவாள். மாடியில் தண்ணீர்க் குழாய் எங்கேயோ ஒழுகுகிறது என்று அவர்கள் இரண்டு தடவை பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பவுனம்மாள் மட்டும் தினமும் ஏழே காலுக்குப் போன் செய்கிறாள். திட்டுவதில்லை. அனுப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வைத்துவிடுகிறாள்.

போன வாரம் ஜாஹ்னவி அத்தையோடு போனில் பேசியிருக்கிறாள். கொலுவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அத்தை ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். முடிக்கும்போது இவள் பழக்கத்தில், "சரி அத்தை, கடைக்குக் கிளம்பிண்டிருக்கேன், நான் போயிட்டு வரேன்" என்றிருக்கிறாள்.

அத்தைக்குப் பின்னால், வாசல் பக்கத்திலிருந்து இல்லை... கூடத்துக்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில், கேட்டதாம்.

டிக்.