தோற்றுப்போன நாற்பது அங்கிகள்

பகலெல்லாம் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, மாலையானால் மதிலேறிப் போர் நடத்தும் மதிப்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே; மேடையை நிறைத்து வீற்றிருக்கும் கோட்டைத் தளபதிகளே; இத்தனை நாள் திரையில் மட்டுமே பழகி, இன்றுதான் முகம் பார்த்து "நீங்கதானா அது?" என்று வியந்துகொண்டிருக்கும் தோழர்களே, தோழியரே, "நம் பிள்ளை அப்படி என்னதான் விளையாடுகிறது, பார்த்துவிடுவோம்" என்று கிளம்பி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பத்தே நிமிடம் என்று கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் விழாச் செயலாளர் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தத் தையற்காரியின் பணிவான வணக்கம்.

"துணிக்கடைக்கு வாடிக்கையாளர்களை ஈர்ப்பது எப்படி" என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாரிடம் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். இருபத்திரண்டு நாள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளிடம். திரைக்குள் ஈ கூடக் கிடையாது அம்மா, அதையும் நானே கற்பனை செய்துகொண்டு ஓட்டினேன்.

விளையாட்டு தெரியாத தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். இந்த விளையாட்டுக்குள் ஒரு நகரம் இருக்கிறது. நகரத்தில் ஒரு சந்தைத் தெரு இருக்கிறது. அங்கே நாமே வரைந்து, நாமே வெட்டி, நாமே தைத்த துணிகளைக் கடை போட்டு விற்கலாம். ஆனால் ஒரு சட்டம். கடை திறந்த முப்பது நாளைக்குள் நூறு பேர் உள்ளே வந்து ஆளுக்கொரு துணியாவது எடுத்திருக்க வேண்டும்; அளவு கொடுத்துச் சொல்லிவைத்தாலும் எடுத்த கணக்குதான். ஒரே ஆள் பத்து முறை வந்தாலும் கணக்கு ஒன்றுதான். நூறு சேராவிட்டால் கடையைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

போனால் போகட்டும், விளையாட்டுக் கடைதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் கடை என் நாத்தனாருடையது.

என் நாத்தனார் தபால் கொடுப்பவள். ஒரு நாளைக்கு முந்நூறு வாசல் ஏறி இறங்கியவள். எந்த வீட்டு நாய்க்கு என்ன கோபம் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. மழையில் வழுக்கி விழுந்து, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து, எட்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது, தினமும் கால் மணி நேரமாவது உட்கார வைத்துப் பழக்குங்கள் என்றார் மருத்துவர். அவளோ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "உக்காந்து யாரைப் பாக்கப் போறேன் அண்ணி?" என்றாள். அதனால்தான் கட்டிலுக்கு மேலே ஒரு பலகையைப் பொருத்தி, மடிக்கணினியை வைத்து, இந்தக் கடையைத் திறந்தோம். நிறமும் கரையும் அவள். வெட்டும் தையலும், பக்கத்திலேயே இன்னொரு கணினியில், நான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கடையில் என்றால் சண்டையை வேடிக்கை பார்க்கவாவது கூட்டம் வரும் என்று நினைத்தேன். அதற்குக்கூட ஒருவரும் வரவில்லை.

சும்மா இருந்தோமா? சந்தை வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூவினேன். ஒரே வரியை நாற்பது முறை எழுதிவிட்டேனாம்; ஒரு நாள் முழுக்க எதுவும் எழுத முடியாதபடி என் வாயைக் கட்டிவிட்டார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். யார் அங்கே சிரிப்பது? என் வீட்டுக்காரரா? சிரியுங்கள், வீட்டுக்கு வந்து பேசிக்கொள்கிறேன்.

குறை எங்கே என்கிறீர்கள்? அழகில் குறையா? நிறத்தில் குறையா? இல்லவே இல்லை. வாளைத் தாங்குமா, அம்பைத் தாங்குமா என்று அங்கே ஒவ்வொரு துணிக்கும் ஓர் எண் போட்டிருக்கும். எங்கள் துணிக்குப் பூஜ்யம். வருகிறவர்கள் அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

அதற்கு மேல் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். இருபது வருடமாக ஊசி பிடித்த கை. கடையின் லேபிளைக் கழுத்துக்கு உட்பக்கம்தான் தைக்கும். இந்த நகரத்தில் யாரும் சட்டையைக் கழற்றுவதில்லை, கொடியில் காயப்போடுவதில்லை, அடுத்தவர் கழுத்துக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனாலும் நான் ஒவ்வொரு அங்கியிலும் கடைப் பெயர், தெரு, அடையாளம் எல்லாவற்றையும் கழுத்துக்கு உள்ளே வைத்துத் தைத்தேன். "அண்ணி, அதை வெளியில வச்சாத்தானே நாலு பேர் பாப்பாங்க?" என்றாள் நாத்தனார். "வெளியில ஒட்டறதுக்கு அது என்ன தபால் தலையா? தையல்னா அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இருபத்திரண்டாம் நாள். அதுவரை துணி எடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். அன்றுதான் ஒரு மாவீரர் கடைக்கு வந்தார். விளையாட்டில் அவர் பெயர் காட்டெருமை. அதோ, முன் வரிசையில் ஒல்லியாக உட்கார்ந்திருக்கிறாரே, பல் மருத்துவர், அவரேதான். "அக்கா, நாளைக்கு எங்க ஊர்வலம். நாப்பது பேருக்கும் அங்கி இரவல் குடுங்க. ஒரு கசங்கல் இல்லாம திருப்பித் தந்துடறோம்" என்றார். நாலு பேர் கண்ணில் படட்டுமே என்று, இருந்த நாற்பதையும் எடுத்துக் கொடுத்தேன்.

ஊர்வலம் போனார்களா? போனார்கள். ஒழுங்காகத் திரும்பினார்களா? அதுதான் இல்லை. வரும் வழியில் பாலத்தடியில் எதிரிகளான கருங்கல் படையைக் கண்டதும், கவசம் மாற்றக்கூட நேரம் எடுக்காமல் அப்படியே பாய்ந்தார்கள். பூஜ்யம் தாங்குகிற துணியோடு. நான்கே நிமிடம், நாற்பது பேரும் காலி. அங்கே தோற்றவர் உடல் மறைந்துவிடும். போட்டிருந்த துணி மட்டும் உட்பக்கம் தெரிய விரிந்து தரையில் விழும். அது வென்றவருக்குச் சொந்தம். கடை திறக்கும் முன்பிருந்தே தைத்த எங்கள் இரண்டு மாத உழைப்பு பாலத்தடியில் பாயாகக் கிடந்தது.

"கவசத்தை மாத்திக்கிட்டுப் போறதுக்கு என்ன கேடு?" என்று கேட்டேன். "இல்லக்கா, பாக்க அவ்வளவு கம்பீரமா இருந்துது. கழட்ட மனசு வரல" என்றார். திட்டுவதா, இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா? நான் திட்டினேன்.

மறுநாள் கடை வாசலில் வந்து நிற்கிறார் யார்? வென்ற கருங்கல் படையின் தளபதி. வெளியே லிஃப்ட் மெக்கானிக், உள்ளே ஆறடிப் பூதம். கையில் எங்கள் அங்கி. கேலி செய்யத்தான் வந்திருக்கிறார் என்று நான் வரிந்து கட்டிக்கொண்டேன். அவரோ, "கழுத்துல உங்க விலாசம் இருந்துது. கை கொஞ்சம் நீளமா இருக்கு, பிடிச்சுத் தருவீங்களா?" என்றார்.

தோழர்களே, அந்த நகரத்தில் ஆயிரம் கடைகள் உண்டு. ஆல்ட்ரேஷன் செய்து தரும் கடை ஒன்று உண்டா? ஒன்றுகூட இல்லை. கையைப் பிடித்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார், இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். "எங்க படையில எழுபது பேர். எல்லாருக்கும் ஒண்ணு குடுங்க, நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

தலையை ஆட்டியிருந்தால் கணக்கில் ஒரே ஒரு ஆள்தான். அது அப்போது என் புத்தியில் உறைக்கவே இல்லை. எனக்குள் இருந்த தையற்காரிக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆளைப் பாக்காம நான் அளவு போட மாட்டேன். வேணும்னா ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க" என்றேன். "அண்ணி, வந்த ஆளையும் விரட்டாதீங்க" என்று நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

வந்தார்கள். மறுநாள் காலையிலேயே வந்தார்கள். வாளோடு வந்தார்கள், வேலோடு வந்தார்கள், வரிசையில் வந்தார்கள். ஒருவருக்குத் தோள் இறக்க வேண்டும், ஒருவருக்கு இடுப்பு பிடிக்க வேண்டும், ஒருவருக்குக் கரை நிறம் மாற்ற வேண்டும். தோற்ற நாற்பது பேருக்கும் ரோஷம் வந்து, அவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். நாத்தனார் ஒருக்களித்துப் படுத்தபடி ஒரு கையால் தட்டச்சு செய்தாள். கை ஓயவில்லை, கூட்டமும் ஓயவில்லை. "அண்ணி, தலகாணியைத் தூக்கி வைங்க" என்றாள், வைத்தேன். "இன்னொண்ணு" என்றாள், அதையும் வைத்தேன். பிறகு நான் அளவுக்குள் மூழ்கிவிட்டேன்.

கணக்கில் எண்பத்து மூன்றாவது ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். கட்டில் ஓரத்தில், இரண்டு கால்களும் தரையில் ஊன்ற, இரண்டு கைகளாலும் தட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது தலையணை வைத்து ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. "முதுகு வலிக்குதாம்மா?" என்றேன் மெதுவாக. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சும்மா இருங்க அண்ணி, ஆள் நிக்கறாங்க" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் யார்? நீங்கள். தோள் இறக்கச் சொன்னவர் யார்? நீங்கள். "எவ்வளவு நேரம் நிக்கறது?" என்று முணுமுணுத்தவர் யார்? அதுவும் நீங்கள்தான், அந்தக் கடைசி வரிசைச் சிவப்புச் சட்டைக்காரர். உங்கள் முணுமுணுப்புக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். மருத்துவர் சொன்னார், கேட்கவில்லை. அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், கெஞ்சினார், கேட்கவில்லை. நான் அழுதேன், அதற்கும் கேட்கவில்லை. முகம் தெரியாத நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள், அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அன்று கணக்கு நூற்றைத் தாண்டியது, கடை எங்களுக்கே ஆனது. ஆனால் வாடிக்கையாளரை ஈர்ப்பது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் தெரியாது. வந்த வாடிக்கையாளர் ஒரு வீட்டுக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன்.

செயலாளர் எழுந்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். இந்த மண்டபத்துக்குப் பதினாறு படி. என் கையைக்கூடப் பிடிக்காமல் அத்தனை படியும் ஏறி வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் கடைக்காரி. தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், மீறிவிட்டேன். கை தட்டியது போதும். எல்லோரும் ஒவ்வொருவராக அவளிடம் போய் உங்கள் முகத்தைக் காட்டுங்கள். எட்டு மாதமாக யாரைப் பார்ப்பது என்று கேட்டவள், உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் இருவரின் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும்.